நாள் குறித்த பிறகு காதலிக்க நினைப்பவர்களுக்கு

குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட நோயோடு இருப்பவருக்கு ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். ஓய்வெடு, மனதைத் தேற்றிக்கொள், கணக்கு வழக்கை முடித்துவை, எழுத வேண்டியதை எழுதிவை. காதல் மட்டும் யார் பட்டியலிலும் இருக்காது. ஆனால் ரிப்போர்ட் வந்த அன்றோடு ஆசை நின்றுவிடுவதில்லை. யாராவது பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், நம்மை நோயாளியாகப் பார்க்காமல் ஆளாகப் பார்க்க வேண்டும், நம்மைப் பார்க்கவென்றே ஒருவர் தலைவாரிக் கிளம்பி வர வேண்டும் என்றெல்லாம் தோன்றும். தோன்றிய கையோடு "இந்த நேரத்தில் இது தேவையா" என்று வெட்கமும் வரும். வெட்கம் போகிறபோது போகட்டும், அதை வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைகளை இங்கே சொல்கிறேன். நான் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில், அதாவது நோயைக் குணப்படுத்துவதைவிட வலியையும் அவதியையும் குறைப்பதைப் பார்க்கும் பிரிவில், தன்னார்வலராக இருக்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் மருந்து சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யுங்கள்.

முதல் வேலை: காலக்கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

"ஆறு மாதம்" என்று டாக்டர் சொன்னால் நாம் காலண்டரில் வட்டம் போட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் இடைநிலைக் கணக்கு. அதாவது இதே நோய் உள்ளவர்களில் பாதிப்பேர் அதற்குள் இறக்கிறார்கள், மீதிப்பாதி அதைத் தாண்டுகிறார்கள். பரிணாமவியல் அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் மீசோதெலியோமா புற்றுநோய் வந்தபோது அந்த நோய்க்கான இடைநிலைக் கணக்கு 8 மாதம்தான். அவர் இருபது வருடம் இருந்தார், 2002இல் இறந்ததுகூட வேறொரு புற்றுநோயால். இதைக் கேட்டு நமக்கும் அப்படித்தான் என்று துள்ளிவிட வேண்டாம், ஏனென்றால் தவறு எதிர்ப்பக்கமும் நடக்கிறது, அதுவும் அதிகமாகவே நடக்கிறது. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, இறுதிக்கட்டப் பராமரிப்பில் சேர்ந்த 468 பேரைப் பற்றி டாக்டர்கள் சொன்ன கணிப்பை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஓரளவுக்காவது சரியாக இருந்தவை 20 சதவீதம்தான். 63 சதவீதக் கணிப்புகள் இருந்ததைவிடக் கூடுதல் நாள் சொல்லியிருந்தன.

அதனால் "எவ்வளவு நாள்" என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். அடுத்த மூன்று மாதம் எப்படிப் போகும்? எந்த அறிகுறி முதலில் வரும்? எதைச் செய்ய முடியாமல் போகும்? பேச்சு, ஞாபகம், நடை இதில் எதையாவது இந்த நோய் தொடுமா? ஒருவரோடு பழக நினைப்பவருக்கு இந்தப் பதில்கள்தான் உதவும்.

டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு அளவுகோலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஈகாக் என்பார்கள். 0 என்றால் முன்புபோலவே எல்லாம் செய்ய முடிகிறது. 1 என்றால் கடின வேலை முடியாது, மற்றவை முடியும். 2 என்றால் வேலைக்குப் போக முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறீர்கள். 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ. 4 முழுநேரமும் படுக்கை. 1, 2இல் இருப்பவர் வெளியே போய் ஆளைச் சந்திக்கலாம். 3இல் இருப்பவரைத் தேடி ஆள் வர வேண்டும். 4இலும் காதல் நடக்கிறது, ஆனால் அந்த நிலையில் புதிதாக ஆள் தேடுவது அபூர்வம், முன்பே தெரிந்தவர்தான் நெருங்கி வருவார். ஆகவே நினைப்பு இருந்தால் "கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

நோய்த்தணிப்புச் சிகிச்சையை இப்போதே கேளுங்கள். கடைசி நாட்களுக்கானது என்று பலரும் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். 2010இல் வெளியான, பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆரம்பத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது, வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது, இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. வலியும் வாந்தியும் அடங்காமல் யாரையும் ரசிக்க முடியாது, விஷயம் அவ்வளவுதான்.

இரண்டாவது: உங்களுக்கு வேண்டியது எது?

இதைத் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். ராத்திரி தனியாக இருக்கப் பயமா? தொட்டுப் பேச ஆள் வேண்டுமா? கல்யாணம் ஆகவில்லையே என்ற குறையா? பழைய காதல் ஒன்று பாக்கி இருக்கிறதா? பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? கடைசிக் கேள்விக்குப் பதில் ஆமாம் என்றால் முதலில் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள், வீட்டுக்கு வரும் செவிலியர், தன்னார்வலர் என்று யார் யார் எந்த நாளில் என்பது முடிவாகட்டும். மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் தேடிக் காதலுக்குள் போனால் வருகிறவருக்கு அது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

நான் கேட்கச் சொல்லும் சோதனைக் கேள்வி ஒன்றுதான்: உடம்பு நன்றாக இருந்திருந்தாலும் இவரைப் பிடித்திருக்குமா?

இன்னொன்று. கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இரண்டு மூன்று நாள் தூக்கம் வராது, உலகத்தையே விலைக்கு வாங்கலாம் போலிருக்கும். அந்த நேரத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்குப் பழைய வகுப்புத் தோழிக்கு நாலு பக்கம் மெசேஜ் அடிக்கத் தோன்றும். அடியுங்கள், அனுப்பாமல் வையுங்கள். ஸ்டீராய்டு இறங்கிய பிறகும் அதே எண்ணம் இருந்தால் அனுப்பலாம்.

எங்கே தேடுவது

பெரும்பாலும் புதிய இடத்தில் இல்லை. ஏற்கெனவே தெரிந்த வட்டத்தில், நோய்க்கு முன் உங்களைப் பார்த்த ஒருவர், நீங்கள் பாடுவதையோ சண்டைபோடுவதையோ பார்த்த ஒருவர், அவர்தான் உங்களை நோய் தாண்டிப் பார்ப்பார். நின்றுபோன பொழுதுபோக்கு எதையாவது முடிந்த அளவில் மறுபடி தொடங்குங்கள், உட்கார்ந்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

அதே நோய் உள்ளவர்களின் ஆதரவுக் குழுவில் மனம் ஒட்டுவது சகஜம். அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை, தலைமுடி கொட்டியதைப் பற்றிச் சிரித்துப் பேசலாம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் உடம்பு படுத்தினால் யார் யாரைப் பார்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். துணை முதலில் போய்விடலாம் என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

டேட்டிங் ஆப் போடுகிறவர்கள் இப்போதைய முகத்தோடு ஒரு படமாவது போடுங்கள். முதல் வரியிலேயே நோயைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. சொன்னால் மோசடிக்காரர்கள் மோப்பம் பிடிப்பதும் எளிதாகிவிடும். சாகப்போகிறவர், தனியாக இருப்பவர், கையில் கொஞ்சம் சேமிப்பு உள்ளவர் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். வீடியோவில் முகம் காட்டாமல் காரணம் சொல்கிறவர், சந்திக்கும் முன்பே பணம் கேட்கிறவர், அற்புத மருந்து விற்கிறவர், இந்த மூன்று பேரையும் அப்போதே பிளாக் செய்யுங்கள். எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் சரி.

உங்களைக் கவனிக்கும் டாக்டர், செவிலியர் மேல் மனம் போவதும் உண்டு. நவீன இறுதிக்கட்டப் பராமரிப்பே அப்படி ஒரு உறவிலிருந்துதான் வந்தது. லண்டனில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து யூத அகதி டேவிட் டாஸ்மாவை நேசித்தார். 1948இல் இறந்த அவர் 500 பவுண்டு விட்டுச்சென்றார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. 1967இல் சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லத்தின் தொடக்கம் அதுதான். ஆனால் இன்றைய மருத்துவத் தொழில்நெறி இதற்கு இடம் கொடுக்காது, சம்பந்தப்பட்டவரின் வேலையே போகலாம். அவர் அன்பாகப் பேசுவது அவருடைய வேலையின் ஒரு பகுதி. அதை அப்படியே எடுத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

சொல்வது எப்படி

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எப்போது? முதல் சந்திப்பிலேயே வேண்டாம். இரண்டாவது, அதிகம் போனால் மூன்றாவது சந்திப்பில் சொல்லிவிடுங்கள். என் கணக்கு இதுதான்: அவர் உங்களுக்காக எதையாவது விட்டுக்கொடுக்கத் தொடங்கும் முன், உடம்பால் நெருங்கும் முன், "காதல்" என்ற வார்த்தை வாயில் வரும் முன். அதற்குப் பிறகு சொன்னால் நோய் அவருக்குப் பெரிதாகத் தெரியாது, மறைத்தது பெரிதாகத் தெரியும்.

எங்கே? அவர் எழுந்து போக நினைத்தால் போகக்கூடிய இடத்தில். ஓடும் வண்டிக்குள் வேண்டாம், உங்கள் வீட்டார் முன்னிலையில் வேண்டாம், மருத்துவமனை வார்டில் நிச்சயமாக வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது எதிரெதிரே உட்கார்ந்து சொல்வதைவிட எளிது, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

என்ன சொல்வது? இப்படி: "எனக்கு ஒரு நோய் இருக்கு. சிகிச்சை நடக்குது, ஆனா குணமாகாது. இப்போதைக்கு நடக்கிறேன், வெளிய வர்றேன். எவ்வளவு காலம்னு யாருக்கும் சரியாத் தெரியாது, ரொம்ப காலம் இல்ல. உங்களோட பேசுறது பிடிச்சிருக்கு, அதனாலதான் சொல்றேன். இப்பவே எதுவும் சொல்ல வேணாம்." இதில் நோய், இன்றைய நிலை, காலம், ஆசை, அவகாசம் ஐந்தும் வந்துவிட்டன. ஸ்கேன் விவரம், மருந்துப் பெயர், எத்தனையாவது ஸ்டேஜ் என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம். "நான் உங்களுக்கு ஏற்றவன் இல்லை", "என்னை மறந்துடுங்க" என்று சேர்க்காதீர்கள். இழப்பைத் தாங்குவதா வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு, அவர் நல்லதுக்கென்று நினைத்து நீங்களே எடுத்துவிடும் வேலை வேண்டாம். நான் பார்த்தவரை, நோயாளிகள் காதலைத் தொலைக்கும் வழிகளில் எதிராளி மறுப்பதைவிட இதுதான் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுச் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாராம்: "படி ஏற முடியுமா? என் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது." அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடியாது என்றார். அடுத்த வாரம் அந்த ஆள் இவர் வீட்டுக்கு வந்தார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. சிலர் அழுவார்கள், நீங்கள்தான் தேற்ற வேண்டியிருக்கும். சிலர் உடனே "நான் இருக்கேன், கடைசிவரை" என்பார்கள், அவர்களிடம் ஒரு வாரம் கழித்து மறுபடி பேசுங்கள். சிலர் நல்லபடியாகப் பேசிவிட்டுப் போய் போனே எடுக்க மாட்டார்கள், அதற்கு ஒரு மெசேஜ் போதும், இரண்டாவது வேண்டாம். நோய் வந்ததும் விலகுவது ஏற்கெனவே கல்யாணமானவர்களிடமும் உண்டு. கடும் நோய் வந்த 515 பேரைக் கவனித்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயாளி பெண்ணாக இருந்தால் 20.8 சதவீதத் திருமணங்கள் பிரிவில் முடிந்தன, ஆணாக இருந்தால் 2.9 சதவீதம். பெண்களே, உங்களை விட்டுப் போனவர்களைப் பற்றி யோசிக்கும்போது காரணத்தை உங்களிடம் தேடாமல் இருக்க இந்த எண் உதவும்.

சந்திக்கும் நாட்களைத் தேர்ந்தெடுப்பது

உடம்பு எந்த நேரத்தில் ஒத்துழைக்கிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றால் பலருக்கும் அடுத்த டோஸுக்கு முந்தைய சில நாட்கள் நன்றாக இருக்கும். டோஸ் போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள்வரை வெள்ளணுக்கள் குறைந்து தொற்று பிடிக்கும் நேரம், அப்போது கூட்டமான இடம் வேண்டாம், சளி பிடித்தவர் வர வேண்டாம். சந்திப்பு ஒன்றரை மணி நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் சோர்ந்துபோய் மன்னிப்புக் கேட்பதைவிட மேல். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், குளிப்பதே பாதி சக்தியை எடுத்துவிடும் நாட்கள் உண்டு. வர முடியாமல் போனால் சொல்ல ஒரு சொல்லை இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம், காரணம் எழுதக்கூட முடியாத நாளில் அது போதும்.

தொடுவது, அதற்கு மேல்

இதை யாரும் கேட்பதில்லை, டாக்டரும் தானாகச் சொல்வதில்லை. புற்றுநோய் முத்தத்தால் தொற்றாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தால் உங்கள் உடம்பில் கதிர்வீச்சு தங்காது, கட்டிப்பிடிக்கலாம். கதிரியக்க அயோடின் மாதிரி உடம்புக்குள் கதிரியக்கப் பொருள் செலுத்தும் சிகிச்சை என்றால்தான் டாக்டர் சொன்ன நாள்வரை தள்ளி இருக்க வேண்டும். கீமோ மருந்து உடல் திரவங்களில் சில நாள் இருக்கும், அதனால் டோஸுக்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள் ஆணுறை அவசியம், சில மருத்துவமனைகள் ஒரு வாரம் என்கின்றன. கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வது சிகிச்சைக் காலம் முழுக்க. தட்டணுக்கள் 50,000க்குக் கீழே, அல்லது வெள்ளணுக்கள் மிகவும் குறைவு என்றால் உடலுறவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், ரத்தக்கசிவும் தொற்றும்தான் பயம். வறட்சிக்குத் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும், எண்ணெய்ப் பிசுக்கானது லேட்டக்ஸ் ஆணுறையைக் கெடுக்கும். ஆண்குறி விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரையை நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும்.

மார்ஃபின் வகை மருந்துகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கலாம். இதைத் துணையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் தன்னைத்தான் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார். உடனே வேலை செய்யும் மார்ஃபின் எடுப்பவர் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, டாக்டர் அனுமதித்த டோஸை எடுத்துக்கொண்டால் அசையும்போது வலி குறையும். ஸ்டோமா பை (மலமோ சிறுநீரோ சேர வயிற்றில் ஒட்டும் பை) இருந்தால் முன்பே காலி செய்து சின்னப் பை மாட்டலாம். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் மெழுகுவர்த்தியும் சிகரெட்டும் கூடவே கூடாது, சூழல் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வார்டிலோ இறுதிக்கட்டப் பராமரிப்பு இல்லத்திலோ இருந்தால் செவிலியரிடம் நேராகக் கேளுங்கள்: "ஒரு மணி நேரம் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா?" அவர்களுக்கு இது புதிதில்லை. குழாய் இல்லாத பக்கத்துக் கம்பியை இறக்கிவிட்டு, ட்ரிப் ஏறும் கையைத் தலையணை மேல் வைத்து, துணை அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் ஒற்றைக் கட்டிலிலும் இரண்டு பேருக்கு இடம் இருக்கும். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

வீட்டார்

சந்தேகப்படுவார்கள். இவ்வளவு நாள் இல்லாத ஆள் இப்போது ஏன் என்பார்கள், சொத்துக்காகத்தான் என்று ஒருவராவது சொல்வார். கோபப்படாதீர்கள், அவர்களும் உங்கள் மிச்ச நேரத்தில் பங்கு குறைகிறதே என்று பயப்படுகிறார்கள். ஆளை நல்ல நாளில், நீங்கள் உட்கார்ந்து பேசக்கூடிய நாளில் அறிமுகப்படுத்துங்கள். ஐசியூ வாசலில் முதல் அறிமுகம் நடந்தால் அங்கே அவருக்கு நாற்காலிகூடக் கிடைக்காது. பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள், அவர்களுக்கு என்று தனி நேரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

காகித வேலை

இது காதல் இல்லை என்று தோன்றும், ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது. பல நாடுகளில் கல்யாணம் ஆகாத துணைக்கு மருத்துவ முடிவில் தானாக எந்த உரிமையும் வராது. உங்களால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் ஏற்கும் வடிவில் எழுதி, நகலை மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். உயில் தனி, அதற்கு வக்கீல் உதவி இருந்தால் நல்லது, முடிந்தால் உங்கள் மனத்தெளிவு பற்றி டாக்டரின் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு வழக்கு என்று வந்தால் துணைக்குப் பாதுகாப்பு. ராத்திரியில் நிலைமை மோசமானால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். கல்யாணம் செய்யலாமா என்றால், சட்ட உரிமை கிடைக்கும், கூடவே மருத்துவக் கடன், காப்பீடு, உதவித்தொகை போன்றவையும் மாறலாம். விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

துணைக்கு மூச்சுவிட இடம்

நீங்கள் இருக்கும்போதே அவர் உங்களுக்காகத் துக்கப்படத் தொடங்குவார். இப்படி முன்கூட்டியே வரும் துக்கத்தை மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944லேயே எழுதியிருக்கிறார். திடீரென எரிந்துவிழுவது, விலகிப் போவது, அல்லது நிழல்போல ஒட்டிக்கொள்வது, எல்லாமே அதில் வரும். வாரத்தில் ஒரு நாளாவது அவர் தன் நண்பர்களோடு போகட்டும். "எனக்கப்புறம் யாரையும் பார்க்க மாட்டேன்னு சொல்லு" என்று சத்தியம் வாங்காதீர்கள், "சீக்கிரம் வேற ஆளைப் பார்த்துக்கோ" என்று பெருந்தன்மை காட்டவும் வேண்டாம், இரண்டுமே அவருக்குச் சுமை. சண்டை போடலாம். ஒத்துவரவில்லை என்றால் பிரியலாம், நோய் இருப்பதால் மட்டும் ஒரு மோசமான உறவில் இருந்துதான் ஆக வேண்டும் என்று யாருக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

குறித்த நாள் தாண்டிவிட்டால்

இதற்கு யாரும் தயாராக இருப்பதில்லை. இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில், நரம்புநோய் என்று சொல்லி இரண்டு வருடம் கெடு வைத்தார்கள். 1965இல் ஜேன் வைல்டைக் கல்யாணம் செய்தார், மூன்று பிள்ளைகள், 1995இல் விவாகரத்து, 2018வரை உயிரோடு இருந்தார். சில மாதம் என்று நினைத்து வந்தவர் சில வருடம் இருக்க வேண்டி வரும்போது, விட்ட வேலை, தள்ளிப்போட்ட படிப்பு, தீர்ந்துபோன சேமிப்பு எல்லாம் மேலே வரும். "நீ இன்னும் இருக்கியே" என்று நினைத்துவிட்டு அந்த நினைப்புக்கே அவர் கூனிக்குறுகிப் போவார். அதனால் ஒவ்வொரு ஸ்கேன் முடிந்த பிறகும் ஒரு மாலை ஒதுக்கி இருவரும் உட்காருங்கள்: அடுத்த மூன்று மாதத்துக்கு யார் எங்கே தங்குவது, யார் வேலைக்குப் போவது, பணம் எப்படி, யாருக்கு ஓய்வு தேவை. ரிப்போர்ட் நன்றாக வந்த நாளில்தான் இந்தப் பேச்சை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அன்றைக்கும் பேசுங்கள்.